ஆப்ட்-இன்னும் ஆப்டுக்கினதும்

1

போன வியாழக்கிழமை காலையில் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஐரிஷ்காரம்மா ஓடி வந்து கதவைத் தட்டினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுப்பில் தீப்பிடிக்கவில்லை, லாட்டரியும் விழவில்லை. ரேடியோவில் ஒரு செய்தி, அவ்வளவுதான். குற்ற வழக்குகளில் மற்ற ஐரோப்பிய நாடுகளோடு கைகோக்கும் புது ஏற்பாட்டில் அயர்லாந்தும் சேர்வது என்று முடிவாகிவிட்டதாம். வானிலைக்கும் கால்பந்துக்கும் நடுவில் அரை நிமிஷத்தில் வாசித்துவிட்டுப் போய்விட்டார்கள். கையில் தோசைக் கரண்டியோடு நான் குதித்தேன். எழுபதைத் தாண்டிய முழங்காலோடு குதித்தேன்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஓ, லவ்லி" என்று சொல்லி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். இந்த ஊரில் 'லவ்லி'க்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

உடனே மகள் மீராவுக்குப் போன் போட்டேன். அவள் இங்கே வக்கீல். அவளாவது என்னோடு சேர்ந்து துள்ளுவாள் என்று நினைத்தேன்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் அன் ஆப்ட்-இன். இதுக்கு யாராவது ஆபீஸ் டைம்ல கூப்பிடுவாங்களா?"

ஆப்ட்-இன்! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கடலூர், பண்ருட்டிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: யாராவது வசமாக மாட்டிக்கொண்டால் எங்கள் பக்கத்தில் 'ஆப்டுக்கினான்' என்போம். அகப்பட்டுக்கொண்டான் என்பது தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. ஏழு வயதில், ஒரு புளியமரத்தடியில், ஒரு ஊரே கூடி நின்று அந்தச் சொல்லைச் சொல்லக் கேட்டவள் நான். ஆப்டுக்கினவர் என் தாய்மாமன். அவர் மடியில் உட்கார்ந்திருந்தவள் நான்.

"சாயந்திரம் வாடி, சொல்றேன்" என்று போனை வைத்தேன். தோசை கருகியிருந்தது.

2

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு இந்த 'ஆப்ட்-இன்' சமாச்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குற்றம், போலீஸ், கோர்ட் என்று வந்தால் அயர்லாந்து மற்ற ஐரோப்பிய நாடுகளின் ஏற்பாடுகளில் தானாகச் சேர்ந்துவிடாது. ஒவ்வொரு தடவையும் யோசித்து, விவாதித்து, "சரி, நாங்களும் வருகிறோம்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். பந்தியில் உட்காராமல் வாசலில் நின்றுகொண்டு, யாராவது இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று பார்க்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி.

நான் இந்த நாட்டுக் கோர்ட்டுகளில் பல வருஷம் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போயிருக்கிறேன். கணவரின் ஆஸ்பத்திரி வேலைக்காக வந்த இடத்தில் எனக்கு வாய்த்த வேலை அது. இனிஷியலை விரித்தெழுதச் சொன்ன ஏதோ ஒரு படிவத்தில் அப்பா பெயர் ஏழுமலை என்று எழுதினேன். அதுவே குடும்பப் பெயராகி ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து கோர்ட்டில் என்னை "மிசஸ் ஏழுமலை" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பாவுக்கு மனைவியாக்கிவிட்டார்களே என்று முதலில் கூசியது. அப்புறம் ஒரு சந்தோஷம் வந்தது. ஒரு காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்கவைத்துக் கூப்பிடப்பட்ட பெயர் அது. இங்கே எவ்வளவு மரியாதையோடு கூப்பிடுகிறார்கள்!

ஒரு வழக்கு. ஒரு நம்மூர்ப் பையன் கூண்டில் நின்றான். சம்பவ நாளன்று அவனோடு இருந்தவன் வேறு நாட்டில் இருந்தான். இங்கிருந்து காகிதம் போனது, அங்கிருந்து வேறொரு காகிதம் வந்தது, மறுபடி இங்கிருந்து போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் போய் உட்கார்ந்து, 'தள்ளிவைக்கப்பட்டது' என்ற ஒரே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வையில் என் அப்பா தெரிந்தார்.

3

அறுபதுகள் பிறந்த சமயம். நெய்வேலியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எல்லா ஜில்லாக்காரர்களும் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். கிராமங்களெல்லாம் பிளாக் பிளாக்காக நம்பர் போட்ட டவுன்ஷிப்பாக மாறிக்கொண்டிருந்த காலம். நாங்கள் முத்தாண்டிக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஒரு கான்ட்ராக்டரின் ஸ்டோர் யார்டில் காவல். 'பர்மனென்ட்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் சாமி பெயர் மாதிரி சொல்வார்கள். கம்பெனியில் ஆளெடுக்கிறார்கள், லிஸ்ட்டில் அப்பா பெயர் இருக்கிறது, பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ், குழாயில் தண்ணீர், சுவிட்சைப் போட்டால் விளக்கு. நானும் அம்மாவும் எங்களுக்கென்று ஒரு வீட்டை மனசுக்குள் தேர்ந்தெடுத்து, ஜன்னலுக்குத் திரையெல்லாம் போட்டுவிட்டோம்.

அந்த நேரம் பார்த்து யார்டில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போனது. அன்றைக்கு ஷிஃப்ட் அப்பாவுடையது. ஆனால் அப்பா அங்கே இல்லை. சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிட்டு, வேறொருவரை நிறுத்திவிட்டு, பாகூர்ப் பக்கம் இருந்த என் மாமா வீட்டுக்குக் கூரை வேயப் போயிருந்தார். ரிஜிஸ்டரில் எழுதவில்லை. சூப்பர்வைசர், "அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே" என்று கையை விரித்துவிட்டார். மாற்றி நின்றவரும் அதே பாட்டு. அப்பா மேல் திருட்டு வழக்கு. ஜெயிலுக்குப் போனால் பர்மனென்ட் போச்சு, பெயர் போச்சு, சோறும் போச்சு.

அன்றைக்குக் காலையிலிருந்து இருட்டும் வரை அப்பா கூரை மேல்தான் இருந்தார் என்று சொல்ல ஒரே ஆள் வேணு மாமா. அம்மாவின் அண்ணன்.

அவர் இருந்தது இன்னொரு நாடு. அதுதான் சிக்கல்.

4

சிரிக்காதீர்கள். கடலூரைத் தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனால் பாகூர். அது புதுச்சேரியைச் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. கொடி இறங்கிவிட்டது. சட்டம் இன்னும் இறங்கவில்லை. அங்கே கோர்ட்டும் பிரெஞ்சு, வழக்கமும் பிரெஞ்சு. ஒரே வயல், ஒரே வாய்க்கால், ஒரே அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற சனம். நடுவில் ஒரு வரப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் சாராயக் கடை. எங்கள் மாமா அந்த வரப்பைச் சும்மா விட்டுவைப்பாரா? புட்டியோடு ஒரு தடவை இந்தப் பக்கப் போலீஸ் கையில் மாட்டி, சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடியவர். அதிலிருந்து அவர் மேல் இங்கே வாரண்ட் இருந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் அவர் கால் வைத்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஏழு வயதாகியும் காது குத்தாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். தாய்மாமன் மடி வேண்டுமே.

அப்பாவுக்காக வாதாடிய பண்ருட்டி வக்கீல், மாமாவுக்குச் சம்மன் அனுப்ப வைத்தார். அது மாமா கைக்குப் போகாமலே திரும்பி வந்தது. பின்னால் நாலு வரி பிரெஞ்சில் எழுதியிருந்தது. வக்கீலுக்கும் புரியவில்லை. அப்பாவுக்கு ஒரு யோசனை. நெய்வேலியில்தான் ராட்சச மெஷின்களைப் பூட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர்கள் இருக்கிறார்களே! காகிதத்தைக் கொண்டுபோய் ஒரு ஜெர்மன்காரரிடம் நீட்டிவிட்டார். அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்.

"வெள்ளக்காரனுக்கே புரியலியே, அப்பிடி என்னாத்ததான் எழுதியிருப்பானுங்க?" என்று அப்பா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். எல்லா வெள்ளைக்காரருக்கும் ஒரே பாஷைதான் என்று நாங்களும் நினைத்திருந்தோம்.

கடைசியில் கடலூரில் ஒரு சொல்தா படித்துச் சொன்னார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை அப்படித்தான் சொல்வோம். "இந்தக் காயிதம் இங்க செல்லாது, மொறையான வழியில அனுப்புங்கன்னு போட்டுகிறான்" என்றார். முறையான வழி எது என்று வக்கீல் கேட்டதற்கு, "அது அவனுக்கும் தெரியாதுபோல" என்றாராம்.

5

சாயந்திரம் மீரா வந்தாள். சூப் போதும் என்றவளை உட்காரவைத்து, புளிக்குழம்பு ஊற்றிச் சோறு போட்டு, இவ்வளவையும் சொன்னேன். அவள் தமிழில் கேட்டுக்கொள்வாள். பதில் மட்டும் பாதிதான் தமிழில் வரும்.

"பட் அம்மா, அவர் பிரதர்-இன்-லா. சொந்தக்காரர் சாட்சிய எந்த ஜட்ஜ் நம்புவாங்க?"

"பண்ருட்டி வக்கீலும் இதையேதான்டி சொன்னார்! ஆனா வேற ஆள் இல்லியே."

அந்த வக்கீல் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "வாரண்ட் இருக்கிறவன் கோர்ட்டுப் படி ஏறுவானாம்மா? நீங்க போய்க் கேட்டுடாதீங்க. கேட்டா உஷாராயிடுவான். எப்பிடியாவது இந்தப் பக்கம் வரவெச்சு, சம்மன அவன் கையில குடுத்துட்டா நமக்கு ஒரு பிடி கெடைக்கும்."

அம்மா பெயர் குப்பம்மாள். படிக்காதவள். மூன்றாம் நாள் பாகூருக்குக் கிளம்பினாள், என்னையும் கூட்டிக்கொண்டு. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் அண்ணன். அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்பது எனக்கு ஒரு பெண்ணைப் பெற்ற பிறகுதான் உறைத்தது.

மாமா வெல்லமும் பொட்டுக்கடலையும் கொடுத்து என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டார். அம்மா வழக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"பாப்பாக்குக் காது குத்தணும்ணா. ஐயனாரு கோயில்ல பொங்க வெக்கிறேன்னு வேண்டிகினு இருக்கிறேன்."

"இந்தப் பக்கமே வெச்சிக்கலாமே புள்ள. நான் அங்க எப்பிடி வர்றது?"

"ஐயனாரு அந்தப் பக்கந்தான ஒக்காந்துகினு இருக்கிறாரு. அவர நவுத்த முடியுமா? வரப்புலேர்ந்து கூப்புடு தூரந்தான். ஒரு நாழி வந்து ஒக்காந்துட்டு ஓடிப்புடு."

மாமா தலையைச் சொறிந்தார். என் காதைத் திருப்பிப் பார்த்தார். "ஏழு வயசுப் பொண்ணு, மூளிக் காதோட திரியுது. ஊரே என்னத்தான பேசும்" என்றார். வருவதாகச் சொல்லிவிட்டார்.

"மை காட்" என்றாள் மீரா. "ஸோ இட் வாஸ் எ ட்ராப்."

மீராவுக்குப் பன்னிரண்டு வயதில் காது குத்தியாயிற்று. சிநேகிதிகளோடு கடைத்தெருவுக்குப் போனவள், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் சுட்டுக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு நிமிஷ வேலை. மாமனும் இல்லை, சீர்த்தட்டும் இல்லை. நான் அன்றைக்கு அழுததற்குக் காரணம் அவளுக்குத் தெரியாது. இவ்வளவு காலம் கழித்து, போன வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், "அதான் அப்ப அழுதியா?" என்று கேட்டாள்.

6

காது குத்து அன்று காலை அம்மா எனக்குத் தலை பின்னும்போது சொன்னாள்: "மாமன் மடியில ஒக்காந்ததும் அவரு கழுத்தக் கெட்டியாக் கட்டிக்கணும். நான் சொல்ற வரைக்கும் வுடக் கூடாது. என்னா?"

வலிக்காமல் இருப்பதற்காக என்று நினைத்தேன்.

மாமா சைக்கிளில் வந்தார். வரப்பின் மேலேயே சைக்கிளைத் திருப்பி நிறுத்திவிட்டு, தலையில் சீர்த்தட்டோடு நடந்து வந்தார். பட்டுப் பாவாடை, வளையல், பழம், புதுக் கம்மல். கோயில் புளியமரத்தடியில் போட்டிருந்த மணையில் உட்கார்ந்து என்னை மடியில் வாங்கிக்கொண்டார். அம்மா சொன்னபடி கழுத்தைக் கட்டிக்கொண்டேன். ஆசாரி வலது காதைக் குத்தினார். நான் ஐயனார் குதிரையே மிரளுகிற மாதிரி அலறினேன்.

அப்போது பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்த ஒருவர், மடித்த காகிதத்தை எடுத்து, "வேணு, தகப்பனார் பேர் சின்னசாமி. நீர்தானே? கோர்ட்லேர்ந்து சம்மன்" என்றார். கோர்ட் சேவகர். போலீஸ் இல்லை, காகிதம் கொடுக்கலாமே தவிர ஆளைப் பிடிக்க முடியாது. காலையிலிருந்தே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறார்.

எனக்குக் கீழே மாமாவின் தொடை கட்டை மாதிரி இறுகியது. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அம்மா கட்டிக்கொள்ளச் சொன்னது வலிக்காக இல்லை. நான்தான் கயிறு. கையை எடுக்கலாமா என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆப்டுக்கினான்டா வேணு!" என்று பின்னால் யாரோ சொல்ல, அந்தச் சொல் வாய்க்கு வாய் தாவியது.

என்னைக் கீழே தள்ளிவிட்டு ஓட மாமாவுக்கு எத்தனை நொடி ஆகும்? சைக்கிள் தயாராக நின்றது. அவர் ஓடவில்லை. ஆசாரியைப் பார்த்து, "என்னாய்யா வேடிக்க பாத்துகினு நிக்கிற? இன்னொரு காது பாக்கி கெடக்குதில்ல, குத்து" என்றார்.

குத்தினார். அப்புறம்தான் மாமா கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். சந்தன விரலோடு கைநாட்டு வைத்தார். வழக்கு நம்பரையும் அப்பா பெயரையும் சேவகர் படித்துச் சொன்னார். மாமா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார்.

"சாப்ட்டுப் போணா" என்றாள் அம்மா.

அவர் சாப்பிடவில்லை. சைக்கிளை ஏறி மிதித்து வரப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

7

"ஆனா அவர் வரவேண்டியதில்லியே!" மீரா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "திரும்பிப் போயிட்டா அவரை யாரும் அரெஸ்ட் பண்ண முடியாதுல்ல?"

"முடியாது. வந்தாத்தான் முடியும்."

என் மகளை இப்படிப் பார்த்து எத்தனை காலமாயிற்று! காலையில் ஆபீஸ் டைம் என்று போனை வைத்தவள், சாப்பிட்ட கை காய்ந்துபோனதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த ஏற்பாடு எதற்கு என்று அவளே எனக்கு விளக்க ஆரம்பித்துவிட்டாள். இனி இங்குள்ள கோர்ட்டுக் காகிதம் அங்கேயும் காகிதம்தான், சாட்சிக்காரர் அவர் ஊரில் உட்கார்ந்தே சொல்லலாம் என்று ஏதேதோ சொன்னாள். எனக்கு அத்தனையும் வேண்டாம். மாமாவின் வார்த்தை மட்டும் வரப்பைத் தாண்டி வந்திருந்தால் போதும், மாமா வந்திருக்க வேண்டாம். அதற்காகத்தான்டி காலையில் குதித்தேன் என்றேன்.

கோர்ட் நாள். அப்பா கூண்டுக்குள். நானும் அம்மாவும் வராந்தாவில். அம்மா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேணு என்று முதல் தடவை கூப்பிட்டபோது யாரும் வரவில்லை. வக்கீல் உதட்டைப் பிதுக்கினார்.

இரண்டாவது தடவை கூப்பிட்டபோது மாமா படியேறி வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. கக்கத்தில் ஒரு துணி மூட்டை. மாற்று வேட்டி, துண்டு, போர்வை. மூட்டையை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். அம்மா அதை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டிவைத்தாள்.

மாமா எல்லாவற்றையும் சொன்னார். எந்தக் கூரை, எத்தனை கட்டுக் கீற்று, மச்சான் எந்தப் பக்கம் உட்கார்ந்து கட்டினார், மதியம் என்ன குழம்பு. அரசாங்க வக்கீல் எழுந்தார். "உன் தங்கச்சி புருஷன். அவனைக் காப்பாத்தப் பொய் சொல்றே."

"ஐயா, எம்மேலயே இந்த ஊர்ல வாரண்ட்டு இருக்குதுங்க" என்றார் மாமா. "வரப்புக்கு அந்தாண்ட இருந்திருந்தா என்ன யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. பொய் சொல்றதுக்காவ ஒருத்தன் தானா வந்து ஆப்டுக்குவானுங்களா?"

மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை நன்றாகப் பார்த்தார். நான் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு அதைப் பார்த்தேன். அன்றைக்கே தெரிந்துவிட்டது, அப்பா வெளியே வந்துவிடுவார் என்று. வந்தார். பர்மனென்ட் ஆனது. நாங்கள் மனசுக்குள் திரை போட்ட அதே வரிசையில் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. நான் படித்தது, இவ்வளவு தூரம் வந்தது, என் பெண் இங்கே கறுப்புக் கோட்டு போட்டு நிற்பது எல்லாம் அந்த வீட்டிலிருந்துதான் தொடங்கியது.

மாமா வெளியே வந்ததும் இரண்டு போலீஸ்காரர்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர் குனிந்து மூட்டையை எடுத்துக்கொண்டார். அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "வேற வழி தெரியலணா, வேற வழி தெரியல" என்று அழுதாள்.

"எந்திரி குப்பு" என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் மாதிரிதான் கேட்டார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்திருப்பன்ல? ஏன் என்னக் கேக்கல?"

அம்மா அவர் காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மாமா அவள் கையை விலக்கிவிட்டு, போலீஸ்காரர்களோடு படியிறங்கிப் போனார்.